ரோஜாக்கனி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மூலிகைத் தேநீர் பற்றிய ஒரு பதிலின் நடுவே ரோஜாக்கனியைக் குறித்து இரண்டே வரிகள் எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரிகளுக்கு வந்த கடிதங்கள், மற்றெல்லாப் பதில்களுக்கும் சேர்த்து வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அக்கனிக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே செய்தியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாக இணைத்துள்ளேன்.

கேள்வி: தேநீர்ப் பை ஒன்றின் உறையில், அடங்கியுள்ள பொருள்களின் வரிசையில் ‘ரோஜா இடுப்பு’ என்று தமிழில் அச்சிட்டிருந்தது. இது என்ன? ரோஜாவுக்கு இடுப்பு உண்டா?

பதில்: ரோஜாவுக்கு இடுப்பு இல்லை, மொழிபெயர்த்த இயந்திரத்துக்குத்தான் விவரம் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹிப்’ என்ற ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று உடலுறுப்பைக் குறிப்பது. மற்றொன்று, காட்டு ரோஜாவின் கனியைப் பழைய ஆங்கிலத்தில் குறித்த வேறொரு சொல்லின் வழியில் வந்தது. இரண்டுக்கும் உறவில்லை. உறையில் நீங்கள் படித்தது இந்த இரண்டாவது ‘ரோஸ் ஹிப்’தான். இப்பகுதியில் அதை ரோஜாக்கனி என்றே குறிப்பிடுகிறேன்.

ரோஜாப் பூ கருவுற்று இதழ்கள் உதிர்ந்தபின், பூவுக்கு அடியில் சிறு கிண்ணம்போல் இருக்கும் பச்சைப் பகுதி பருத்துச் சதைப்பற்றாகி, ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் பழுக்கிறது. நாம் கனி என்று சொல்வது அந்தக் கிண்ணத்தைத்தான். தாவரவியல் கணக்கில் உண்மையான கனிகள் அதனுள்ளே நெருக்கமாக அடைந்திருக்கும், விதை போலத் தோன்றும் கடினமான மணிகளே. ஆப்பிளிலும் நாம் உண்ணும் சதையின் பெரும்பகுதி இவ்வாறு பூவின் அடிப்பகுதி பருத்து உண்டாவதே. ஆப்பிளும் ரோஜாவும் ஒரே குடும்பம் என்பதால் இதில் வியப்பில்லை. பழுத்த ரோஜாக்கனியின் சுவையும், புளித்த ஆப்பிளையும் உலர்ந்த பழத்தையும் சேர்த்து மென்றாற்போல, சற்றே துவர்ப்புடன் இருக்கும்.

கேள்வி: எல்லா ரோஜாச் செடிகளின் கனிகளையும் உண்ணலாமா? எங்கள் தொட்டிச் செடியில் கனியே பிடிப்பதில்லை.

பதில்: ரோஜாப் பேரினத்தில் நச்சுக்கனி தருவதாக எந்த இனமும் அறியப்படவில்லை, ஆனால் உண்ணத் தகுந்த அளவுக்குச் சதை தருபவை சிலவே. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வேலியோரங்களில் தானாக வளரும் ‘நாய் ரோஜா’ எனப்படும் ரோசா கேனினாதான் சமையலிலும் மருந்தாய்வுகளிலும் மிகுதியாகப் பயன்படுவது. அதன் கனி நீண்டு, விரல் நுனி அளவே இருக்கும். கிழக்கு ஆசியக் கடற்கரைகளுக்குரிய ரோசா ருகோசாவின் கனி தட்டையாக, சிறு தக்காளியைப் போலப் பருத்திருக்கும். சதை மிகுதி என்பதால் சுத்தம் செய்வது எளிது. முதன்முறை முயல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. சீனாவின் தென்மேற்கில் விளையும் ரோசா ராக்ஸ்பர்கியின் கனி முட்கள் போர்த்து, பார்ப்பதற்கு ரோஜாக்கனி போலவே இராது. ரோசா ஸ்பினோசிசிமாவின் கனி பழுத்தால் ஏறக்குறையக் கறுப்பாகிவிடும்.

உங்கள் தொட்டிச் செடி காய்க்காததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அடுக்கடுக்காக இதழ்கள் நிறைந்த கலப்பினங்களில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறிவிடுவதால் பல வகைகள் கனி பிடிப்பதில்லை. அல்லது, பூ வாடியதும் நீங்களே அதைக் கிள்ளி எறிந்துவிடுகிறீர்கள். மேலும் பூக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்படும் அந்த வேலை கனிக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடும். கனி வேண்டுமென்றால் பூவை செடியிலேயே விட்டுவிட வேண்டும்.

இதைவிட முக்கியமான ஓர் எச்சரிக்கை உண்டு. பூக்கடைக்கு வரும் ரோஜாக்களும், அழகுக்காக வளர்க்கப்படும் செடிகள் பலவும், உணவுப் பயிருக்கு அனுமதியில்லாத பூச்சிக்கொல்லிகளும் பூஞ்சைக்கொல்லிகளும் தெளிக்கப்பட்டவை. அத்தகைய செடியில் எவ்வளவு அழகான கனி தொங்கினாலும் அதை அடுப்படிக்குக் கொண்டுவராதீர்கள். காட்டில் பறிப்பவர்கள் முள்ளுள்ள தண்டு, ஓரம் பற்களாய் வெட்டுண்ட ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள் கொண்ட கூட்டிலை, கனியின் நுனியில் உலர்ந்த புல்லி இதழ்களின் குச்சமோ அதன் தழும்போ ஆகிய மூன்றும் ஒருங்கே இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சிவப்பாய் இருப்பதெல்லாம் ரோஜாக்கனி அன்று.

கேள்வி: முதல் உறைபனி விழுந்தபின்தான் பறிக்க வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: சுவைக்கு உண்மை, சத்துக்கு அன்று. உறைபனி பட்டால் கனியின் திசுக்கள் சிதைந்து சதை குழைகிறது. புளிப்புத் தணிந்து இனிப்புத் தெரிகிறது. வைட்டமின் சி அதிகமாக இருப்பதோ, கனி முழு நிறம் பெற்றும் இன்னும் இறுக்கமாக இருக்கும் நிலையில்தான். எனவே பாகுக்கும் தேநீருக்கும் இறுகிய பழத்தையும், பழவிழுதுக்குக் குழைந்த பழத்தையும் கொள்ளலாம். குழைவு வேண்டும், பனி இல்லை என்றால், பறித்த கனிகளை ஓரிரவு உறைபெட்டியில் வைத்தெடுத்தால் போதும்.

கேள்வி: பழுத்த கனியொன்றை முழுதாக வாயில் போட்டுக் கடித்தேன். தொண்டையில் முள் குத்துவது போல் இரண்டு நாள் அரித்தது. இது ஒவ்வாமையா?

பதில்: ஒவ்வாமை அன்று, சுணை. கனிக்குள்ளே விதைகளைச் சுற்றி மெல்லிய, கூரிய மயிர்கள் நிறைந்திருக்கின்றன. அவை தோலில் பட்டால் தினவெடுக்கும். தொண்டையிலும் குடலிலும் பட்டால் எரிச்சல் தரும். ஐரோப்பியச் சிறுவர்கள் இந்தச் சுணையை எடுத்து ஒருவர் சட்டைக்குள் மற்றவர் போட்டு விளையாடுவது பழைய குறும்பு. ரோஜாக்கனிச் சமையலில் கற்றுக்கொள்ள வேண்டியதில் முக்கால் பங்கு இந்தச் சுணையை எப்படி நீக்குவது என்பதுதான். மற்றவை எல்லாம் சாதாரணப் பழச் சமையலே.

வழிகள் இரண்டு. பெரிய கனியாக இருந்தால் காம்பையும் நுனியையும் நறுக்கி, நெடுக்கில் இரண்டாகப் பிளந்து, சிறு கரண்டியின் முனையால் விதையையும் சுணையையும் வழித்தெடுத்துவிட்டு, ஓடும் நீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கையுறை அணிந்துகொள்வது நல்லது. சிறு கனிகளை இப்படிச் சுத்தம் செய்ய முனைந்தால் ஒரு கிண்ணம் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவற்றை முழுதாகவே நசுக்கி வேகவைத்து, சாற்றை நெருக்கமாக நெய்த துணியில் வடிகட்டுவதே வழி. உலோகச் சல்லடை மட்டும் போதாது. சுணை அதன் கண்களில் எளிதாக நழுவிவிடும். துணியில் ஒரு முறை வடித்தபின், அதே துணியைக் கழுவாமல் திரும்பப் பயன்படுத்தாமல், புதிய துணியில் இன்னொரு முறை வடியுங்கள். அவசரத்தில் இந்த இரண்டாம் வடிப்பை ஒரு முறை நான் விட்டுவிட்டேன். அன்று செய்த பாகு முழுவதையும் கொட்ட நேர்ந்தது.

உலர்ந்த கனியைப் பொடித்தால், நுண்ணிய சல்லடையில் இட்டுக் குலுக்கும்போது சுணையின் பெரும்பகுதி தூசாக உதிர்ந்துவிடும். அதைத் திறந்தவெளியில், முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: ஆரஞ்சைவிட இருபது மடங்கு வைட்டமின் சி இதில் உண்டு என்று ஒரு விளம்பரத்தில் படித்தேன். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். அமெரிக்க வேளாண் துறையின் உணவுச் சத்து அட்டவணையில், 100 கிராம் பச்சைக் காட்டு ரோஜாக்கனிக்கு 426 மில்லிகிராம் வைட்டமின் சி என்று குறிக்கப்பட்டுள்ளது. அதே அட்டவணைகளில் கொய்யாவுக்கு ஏறத்தாழ 228 மில்லிகிராமும், ஆரஞ்சுக்கு ஏறத்தாழ 53 மில்லிகிராமும் உள்ளன. இந்தக் கணக்கில் ரோஜாக்கனி ஆரஞ்சைப் போல எட்டு மடங்கு. ஆனால் ரோஜாக்கனியில் இந்த அளவு இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம், பழுக்கும் நிலைக்கேற்ப வெகுவாக மாறும். சில இனங்களில் 1,000 மில்லிகிராமையும் தாண்டுவதுண்டு. ஆகவே இருபது மடங்கு என்பது பொய்யன்று. ஆனால் உங்கள் கையில் இருக்கும் கனிக்கு அது பொருந்தும் என்பதற்கு உறுதியும் இல்லை.

வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 90 மில்லிகிராமும் பெண்ணுக்கு 75 மில்லிகிராமும் போதும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. அப்படியானால் 20 கிராம் பச்சைச் சதையிலேயே ஒரு நாளின் தேவை ஏறக்குறைய நிறைவேறிவிடும். அதற்கு மேல் மடங்குகளைப் பெருக்கிக்கொண்டு போவதால் உடலுக்கு ஆவதொன்றுமில்லை. மிஞ்சியது சிறுநீரில் வெளியேறும்.

இதே கடிதத்தில், ‘ரோஜாக்கனி சேர்ந்த வைட்டமின் சி மாத்திரை’ நல்லதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய மாத்திரைகள் பெரும்பாலானவற்றில் வைட்டமினாக இருப்பது ஆலையில் தயாரான அஸ்கார்பிக் அமிலமே. கனிப்பொடி பெயருக்குச் சிறிதளவு சேர்க்கப்பட்டிருக்கும். அதில் தீங்கில்லை. உறையில் படமாக இருக்கும் கனிக்காக அதிக விலை கொடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

வைட்டமின் சி-யையே எல்லோரும் பேசுவதால் மறைந்துபோகும் வேறு சத்துகளும் இக்கனியில் உண்டு. அதே அட்டவணையின்படி 100 கிராமில் 24 கிராம் நார்ச்சத்தும், 169 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும், தக்காளிக்குச் சிவப்பு நிறம் தரும் லைகோபீன் ஏறத்தாழ 6,800 மைக்ரோகிராமும் இருக்கின்றன. சூடு வைட்டமின் சி-யைக் குறைக்கும். ஆனால் லைகோபீனைத் திசுக்களிலிருந்து விடுவித்து, உடல் ஏற்பதை எளிதாக்கும். சிறிது கொழுப்போடு உண்டால் இன்னும் நன்று.

கேள்வி: கொதிக்க வைத்தால் வைட்டமின் அழிந்துவிடும் என்றால் பாகு காய்ச்சுவதில் என்ன பொருள்? சரியான முறையை விரிவாக எழுதுங்கள்.

பதில்: இந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய கட்டாயம் ஒரு நாட்டுக்கே ஒரு காலத்தில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலால் பிரிட்டனுக்கு ஆரஞ்சு வரத்து அருகிப்போனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சி எங்கிருந்து கிடைக்கும் என்று தேடிய அரசு, வேலிகளில் யாரும் சீண்டாமல் பழுத்து உதிர்ந்த ரோஜாக்கனிகளின்மேல் கண்வைத்தது. 1941ஆம் ஆண்டு முதல் பள்ளிச் சிறுவர்களும் பெண்கள் அமைப்புகளும் நூற்றுக்கணக்கான டன் கனிகளைப் பறித்துக் கொடுத்தார்கள். எடைக்கு ஏற்பச் சில பென்னிக் காசுகள் கூலியாகக் கிடைத்தன. அக்கனிகள் ‘தேசிய ரோஜாக்கனிப் பாகு’ ஆகப் புட்டிகளில் அடைக்கப்பட்டுக் குழந்தைகளுக்கு வழங்கப்பட்டன. வீட்டிலேயே காய்ச்ச விரும்புவோருக்கென்று அந்நாட்டு உணவு அமைச்சகம் ஒரு செய்முறையையும் வெளியிட்டது. அம்முறையைவிடச் சிறந்ததை நான் இன்றுவரை காணவில்லை.

அதன் நுட்பம் வேகத்தில் இருக்கிறது. கனியை நசுக்கிய நொடியிலிருந்தே, அதன் திசுக்களில் உள்ள ஒரு நொதி, காற்றின் ஆக்சிஜனைக் கொண்டு வைட்டமின் சி-யை அழிக்கத் தொடங்கிவிடுகிறது. கொதிநீர் அந்த நொதியைச் செயலிழக்கச் செய்யும். எனவே நறுக்கி ஆறப்போட்டு, குளிர்ந்த நீரில் இட்டு மெல்லச் சூடேற்றுவதுதான் பெரிய இழப்பு. நீரை முதலிலேயே கொதிக்க வைத்துக்கொண்டு, நசுக்கிய கனியை உடனே அதில் போட்டுவிட்டால் இழப்பு குறையும். சிறிது நேரக் கொதியைவிட, நசுக்கியபின் காத்திருக்கும் நேரமே பகை.

அளவை இன்றைய கணக்கில் தருகிறேன். 900 கிராம் கனியைக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். 1.7 லிட்டர் நீர் நன்றாகக் கொதிக்கும்போது, கனியைக் கரகரப்பாக அரைத்து, அரைத்த கையோடு நீரில் கொட்டுங்கள். மீண்டும் ஒரு கொதி வந்ததும் இறக்கி, மூடி, 15 நிமிடம் விட்டுத் துணியில் வடியுங்கள். துணியில் நின்ற சக்கையை மறுபடி பாத்திரத்தில் இட்டு, 850 மில்லிலிட்டர் கொதிநீர் சேர்த்து, ஒரு கொதி விட்டு, 10 நிமிடம் கழித்து வடித்துக்கொள்ளுங்கள். இரண்டு சாறுகளையும் ஒன்றாக்கி, முன்பு சொன்னபடி புதிய துணியில் இன்னொரு முறை வடித்தபின், சாறு 850 மில்லிலிட்டராகச் சுண்டும்வரை காய்ச்சுங்கள். 560 கிராம் சர்க்கரையைச் சேர்த்துக் கரைத்து, மேலும் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, கொதிநீரில் இட்டெடுத்த சூடான சிறு புட்டிகளில் ஊற்றி உடனே மூடிவிடுங்கள். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம், நீர்த்தே இருக்கும்.

சிறு புட்டி என்று அமைச்சகமே வலியுறுத்தியதற்குக் காரணம் உண்டு. இந்தப் பாகில் சர்க்கரை குறைவு என்பதால், திறந்த புட்டி ஓரிரு வாரங்களுக்கு மேல் தாங்காது. ஒளி வைட்டமினைச் சிதைக்கும் என்பதால் இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். காய்ச்சும் பாத்திரம் எவர்சில்வரோ எனாமல் பூசியதோவாக இருக்கட்டும். செம்பும் இரும்பும் வைட்டமின் சி சிதைவதை விரைவுபடுத்துபவை, அலுமினியமோ புளிப்பில் அரிக்கப்பட்டுச் சுவையைக் கெடுக்கும்.

கேள்வி: இந்தப் பாகைக் கைக்குழந்தைக்குப் பால்புட்டியில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. போருக்குப் பின்பும் பிரிட்டனில் இப்பழக்கம் நீடித்தபோது, இனிப்புப் பாகு நிரப்பிய சப்பிகளையும் புட்டிகளையும் நாளெல்லாம் சுவைத்த குழந்தைகளின் முன்பற்கள் முளைத்த வேகத்திலேயே சொத்தையாயின; பல் மருத்துவர்கள் அதைக் கண்டிக்க வேண்டியதாயிற்று. வளர்ந்த பிள்ளைகளுக்கு, உணவோடு, ஒரு சிறு கரண்டி என்றால் தடையில்லை.

கேள்வி: ரோஜாக்கனித் தேநீர் என்று வாங்கியது இரத்தச் சிவப்பாகவும் கடும் புளிப்பாகவும் இருந்தது. நானே உலர்த்திப் போட்டதோ வெளிறி, புளிப்பே இல்லாமல் இருக்கிறது. என் பக்குவத்தில் குறையா?

பதில்: குறை உங்களிடம் இல்லை. கடைத் தேநீர்ப் பைகளில் ரோஜாக்கனியோடு, செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த ரோசெல் செடியின் சிவந்த புல்லி இதழ்களைக் கலப்பது வழக்கம். உறையில் ‘ஹைபிஸ்கஸ்’ என்று சிறு எழுத்தில் இருக்கும். அந்தச் சிவப்பும் அந்தப் புளிப்பும் பெரும்பாலும் அதனுடையவை. தனி ரோஜாக்கனி இளஞ்செம்மஞ்சள் நிறத்தில், மெல்லிய பழமணத்துடன், சற்றே துவர்த்துத்தான் இறங்கும். எனக்கு அந்த அடங்கிய சுவையே பிடித்திருக்கிறது.

உலர்த்துவதற்கு, விதை நீக்கிய ஓடுகளை 40 பாகை செல்சியஸ் அளவான இளஞ்சூட்டில், ஒடித்தால் முறியும் பதம் வரும்வரை வையுங்கள். 200 மில்லிலிட்டர் கொதிநீருக்கு நொறுக்கிய ஓடு இரண்டு சிறு கரண்டி போட்டு, மூடி, 10 முதல் 15 நிமிடம் ஊறவிட வேண்டும். இலைத் தேநீரைப் போல மூன்று நிமிடத்தில் இது இறங்காது. ரஷ்யர்கள் வெந்நீர்க் குடுவையில் கனியைப் போட்டு இரவு முழுவதும் ஊறவைத்துக் காலையில் அருந்துவார்கள். உலர்த்தும்போதும், உலர்ந்ததைச் சேமிக்கும்போதும் வைட்டமின் சி தொடர்ந்து குறைந்துகொண்டே வருவதால், சத்துக்காக மட்டும் இத்தேநீரை நம்ப வேண்டாம். ஓராண்டுக்கு மேற்பட்ட இருப்பை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பாகும் தேநீரும் தவிர வேறு என்ன செய்யலாம்?

பதில்: இக்கனியைச் சமையலில் மதிக்கும் நாடுகளில் ஸ்வீடனுக்கே முதலிடம் தருவேன். அங்கே ‘நீபோன்சோப்பா’ என்னும் ரோஜாக்கனிச் சூப், நோயாளிக்கான கஞ்சியாகவோ விருந்துக்கான அபூர்வமாகவோ அல்லாமல் அன்றாட உணவாக இருக்கிறது. கடைகளில் பொடியாகவும் கிடைக்கிறது. பெயர் சூப் என்றாலும் இனிப்பு வகைதான். விதையும் சுணையும் நீங்கிய உலர்ந்த ஓடுகளை ஊறவைத்து, மெத்தென்று வேகும்வரை கொதிக்கவைத்து, அரைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்து, நீரில் கரைத்த உருளைக்கிழங்கு மாவை ஊற்றிக் கிளறினால் பளபளவென்று கெட்டிப்படும். சூடாகவும் குளிரவைத்தும் உண்பார்கள். மேலே நுரைத்த பாலேடும், சிறிய பாதாம் பிஸ்கட்டுகளும் சேரும். முதன்முறை ரோஜாக்கனியைச் சமைப்பவர்கள் இதிலிருந்து தொடங்கினால் ஏமாற்றம் இராது.

ஜெர்மனியின் பிராங்கோனியா, பவேரியா வட்டாரங்களில் கனியை வேகவைத்துச் சல்லடையில் தேய்த்தெடுத்த ‘ஹாகபுட்டன்மார்க்’ என்ற அடர்ந்த விழுது உண்டு. நோன்புக்கு முந்தைய திருவிழாக் காலத்தில் எண்ணெயில் பொரிக்கும் உருண்டைப் பணியாரங்களின் வயிற்றில் இதைத்தான் நிரப்புகிறார்கள். காட்டு விலங்கிறைச்சிக்கான குழம்பிலும் ஒரு கரண்டி சேர்ப்பதுண்டு. கொழுப்பான இறைச்சிக்கு இதன் புளிப்பு நன்றாகவே ஈடுகொடுக்கிறது. துருக்கியில் ‘குஷ்புர்னு’ என்று பெயர், அதாவது பறவை மூக்கு. அங்கும் இதன் பழக்கூழ் பெயர் பெற்றது. ஹங்கேரியில் வடிசாராயமும் காய்ச்சுகிறார்கள். ஸ்லோவேனியாவில் 1953ஆம் ஆண்டு அறிமுகமான ‘காக்டா’ என்னும் குளிர்பானத்தின் அடிப்படையும் ரோஜாக்கனியே.

வீட்டில் பழக்கூழ் செய்வதானால், விதை நீக்கிய சதை மூழ்கும் அளவுக்கு நீர் ஊற்றி, அரை மணி நேரம் வேகவைத்து, சல்லடையில் தேய்த்து, கிடைத்த விழுதை நிறுத்து, அதில் முக்கால் பங்கு எடைக்குச் சர்க்கரையும் சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்து, வாயகன்ற பாத்திரத்தில் கிளறுங்கள். இறுகவில்லை என்றால் அடுத்த முறை புளிப்பு ஆப்பிளைச் சேர்த்து வேகவையுங்கள். ஆப்பிளின் பெக்டின் அந்த வேலையைச் செய்துவிடும்.

கேள்வி: என் தாயாருக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம். ரோஜாக்கனிப் பொடி வலியைத் தீர்க்கும் என்று விற்பனையாளர் உறுதி கூறுகிறார். கொடுக்கலாமா?

பதில்: ‘தீர்க்கும்’ என்ற சொல்லை நீக்கிவிட்டால், அவர் பேச்சில் கொஞ்சம் பொருள் இருக்கிறது. ரோஜாக்கனியின் மருத்துவப் பயன்கள் என்று சொல்லப்படுபவற்றுள், மனிதர்களிடம் ஓரளவு முறையாகச் சோதிக்கப்பட்டது இதுவே. நாய் ரோஜாவின் கனிப்பொடியை நாளொன்றுக்கு 5 கிராம் அளவில் கொடுத்த மூன்று ஆய்வுகளை, மொத்தம் 287 நோயாளிகள் பங்குகொண்டவற்றை, ஒருங்கே ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு வெளியான கட்டுரை, மருந்தில்லாத வெற்றுப்பொடி உண்டவர்களைவிடக் கனிப்பொடி உண்டவர்களுக்கு வலி சற்றுக் குறைந்தது என்றது. அந்த ‘சற்று’ உண்மையிலேயே சிறியது. சோதனைகள் பெரும்பாலும் மூன்று மாத அளவே நீடித்தன. மூன்றுக்கும் பொடியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. இவற்றை வைத்து முடிவு கட்டுவதற்குமுன் சார்பற்ற, நீண்டகால ஆய்வுகள் வேண்டும் என்பதே நியாயம்.

முடக்குவாத நோயாளிகள் 89 பேரிடம் ஆறு மாதம் நடந்த இன்னோர் ஆய்வில், அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. வீக்கத்தைத் தணிக்கும் பொருள் கனியிலுள்ள கேலக்டோலிப்பிட் என்ற ஒருவகைக் கொழுப்பு என்று கருதப்படுகிறது. இது நீரில் எளிதில் கரைவதன்று. ஆகவே மூட்டுக்காக ரோஜாக்கனித் தேநீர் அருந்துவதில், தேநீர் அருந்தும் இன்பத்துக்கு மேல் எதையும் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் தாயாரின் மருத்துவர் தடை சொல்லாவிட்டால் மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். வேறுபாடு தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். இதை நம்பி, எழுதிக்கொடுத்த மருந்தையும், தொடை தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியையும் கைவிட வேண்டாம். மூட்டுத் தேய்மானத்துக்கு அப்பயிற்சியின் பயனுக்கான சான்று எந்தப் பொடியைவிடவும் வலுவானது.

கேள்வி: சளி வராமல் தடுக்குமா? இரத்த அழுத்தம், உடல் எடை, சர்க்கரை ஆகியவற்றுக்கும் நல்லது என்கிறார்களே?

பதில்: வைட்டமின் சி-யைத் தொடர்ந்து உட்கொள்பவர்களுக்கும் மற்றவர்களைப் போலவே சளி பிடிக்கிறது என்பதும், பிடித்த சளி பெரியவர்களுக்கு 8 சதவீத அளவிலும் குழந்தைகளுக்கு 14 சதவீத அளவிலும் சீக்கிரம் விலகுகிறது என்பதும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு கண்ட முடிவுகள். ஏழு நாள் சளி ஆறரை நாளில் போகும். அவ்வளவே.

இரத்த அழுத்தத்துக்கு, ஸ்வீடனில் உடற்பருமன் உள்ள 31 பேரிடம் ஆறு வாரம் நடத்தி 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாள்தோறும் 40 கிராம் பொடி கலந்த பானம் அருந்தியபோது, வேறு பழபானம் அருந்திய காலத்தோடு ஒப்பிட, மேல் அழுத்தம் 3.4 சதவீதமும் தீய கொழுப்பு 6 சதவீதமும் குறைந்தன. உடல் எடையிலோ, சர்க்கரையை உடல் கையாளும் திறனிலோ மாற்றமில்லை. 40 கிராம் என்பது மருந்தளவு அன்று, ஒரு சிற்றுண்டியின் அளவு. அதில் அடங்கிய நார்ச்சத்துக்கும் இந்தப் பலனில் பங்கிருக்கலாம்.

கேள்வி: யாரெல்லாம் தவிர்க்க வேண்டும்?

பதில்: உணவாக, அளவோடு உண்பதில் பெரும்பாலோருக்குத் தொல்லையில்லை. மிகுந்தால் வயிற்றுப்போக்கோ நெஞ்செரிச்சலோ வரலாம். சிறுநீரகக் கல் வந்தவர்கள், செறிவூட்டிய வைட்டமின் சி எந்த வடிவில் வந்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மிகையான வைட்டமின் சி உடலில், கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட் என்ற பொருளாக மாறுகிறது. உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதை வைட்டமின் சி கூட்டுவதால், இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது நன்மை. உடலில் இரும்பு மிகுந்து சேரும் பரம்பரை நோய் உள்ளவர்களுக்கோ தீமை. இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும் பொடியையோ குளிகையையோ மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கனியால் கேடில்லை. பாகிலும் பழக்கூழிலும் இருக்கும் சர்க்கரையை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: ரோஜாக்கனி எண்ணெயில் வைட்டமின் சி நிறைந்துள்ளதாமே? அதில் சமைக்கலாமா?

பதில்: இரண்டுக்கும் விடை ‘இல்லை’. அந்த எண்ணெய் விதையிலிருந்து பிழியப்படுவது. சிலி நாட்டில் பரவி வளரும் ரோசா ரூபிஜினோசாவின் விதை இதற்குப் பெயர்பெற்றது. வைட்டமின் சி நீரில் கரைவது, எண்ணெயில் கரையாது. ஆகவே அது சக்கையோடு நின்றுவிடும். லினோலிக், ஆல்ஃபா லினோலெனிக் அமிலங்கள் மிகுந்த இந்த எண்ணெய் விரைவில் சிக்கடிக்கும், சூட்டையும் தாங்காது. தோலில் பூசிக்கொள்வதற்கே இது விற்கப்படுகிறது.

கேள்வி: பழக்கூழ் செய்தபின் மிஞ்சும் விதைகளை எறிய மனம் வரவில்லை. ஏதாவது பயன் உண்டா?

பதில்: உண்டு. விதைகளை நீரில் பலமுறை அலசி, சுணை முழுவதும் நீங்கியபின் நன்றாக உலர்த்தி வையுங்கள். தென்ஜெர்மனியில் இதற்கு ‘கெர்ன்லஸ் தே’, அதாவது சிறுவிதைத் தேநீர் என்று பெயர். ஒரு கரண்டி விதையைச் சில மணி நேரம் ஊறவைத்து, அதே நீரில் அரை மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டுத் துணியில் வடித்தால், செந்நிறமாக, வெனிலாவை நினைவூட்டும் மணத்தோடு இறங்கும். புளிப்பு துளியும் இராது என்பதால் பால் சேர்த்தாலும் திரியாது.